ரொட்டிக்கடை என்கிற ஒரே நன்கொடையாளர்

ஒரு ரொட்டிக்கடை மாதத்தில் பாதி நாள் நிறுவனமாகவும் மீதி நாள் மனிதராகவும் இருந்தது. எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

நான் வேலை பார்ப்பது சக்கர நாற்காலிகளை இலவசமாகப் பழுதுபார்த்துக் கொடுக்கும் ஒரு சங்கத்தில். கீழே பழுதுபார்க்கும் கொட்டகை. மாடியில் நான்கு மேசை போட்ட அலுவலகம். நன்கொடையாளர் பட்டியல் என் பொறுப்பு. கணினியில் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் ஒரு பக்கம் இருக்கும்: பெயர், முகவரி, கடைசியாகக் கொடுத்த தேதி, அதற்குக் கீழே ‘வகை’ என்று ஒரு கட்டம். கட்டத்தை அழுத்தினால் மூன்று சொற்கள் இறங்கும். தனிநபர், நிறுவனம், குழு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

ரொட்டிக்கடையின் பக்கத்தில் மட்டும் அது முடியவே இல்லை. ஒன்றாம் தேதி மாலையில் பார்த்தால் ‘தனிநபர்’ என்றிருக்கும். பதினைந்தாம் தேதி பார்த்தால் ‘நிறுவனம்’. அடுத்த ஒன்றாம் தேதி மறுபடி ‘தனிநபர்’. எங்கள் மென்பொருள் பழையது. என்றைக்கு மாறியது என்று சொல்லும், யார் மாற்றியது என்று சொல்லாது.

அலுவலகத்தில் என்னைத் தவிர மூன்று பேர். செயலாளருக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது. மீதி இருவரையும் கேட்டேன்.

“யாராவது ரொட்டிக்கடையத் தொட்டீங்களா?”

“நான் ரொட்டியவே தொடுறதில்ல, எனக்குச் சுகரு இருக்கு,” என்றார் கணக்கர். அவரை நாங்கள் முத்திரை அண்ணன் என்போம். கையில் அகப்பட்ட தாளில் எல்லாம் முத்திரை குத்துவார். சாப்பாட்டு டப்பாவில்கூடக் குத்தியிருப்பார் என்று கேலி செய்வோம்.

“பேய் புகுந்திருக்கும். இந்தக் கம்ப்யூட்டர் வயசுக்குப் பேய் வரலன்னாதான் அதிசயம்,” என்றார் வருகிறவர்களை வரவேற்று உறைகளை வாங்கி வைக்கும் முன்மேசை அக்கா.

வேறு சமயமாக இருந்தால் பேய் என்றே விட்டிருப்பேன். ஆனால் இரண்டு வாரத்தில் ஆண்டுக் கூட்டம். எங்கள் சங்க விதிப்படி அந்த ஆண்டில் பணம் கொடுத்த ஒவ்வொரு தனிநபருக்கும் ஒரு ஓட்டு. நிறுவனம் என்றால் அதன் முதலாளிக்கு ஒரு ஓட்டு. இந்த முறை ஓட்டுக்கு வருவது ஒரே கேள்வி: கீழே இருக்கும் கொட்டகையை மூடி வாடகைக்கு விடலாமா? வாடகைக்குக் கேட்டிருப்பவர் அதே ரொட்டிக்கடை முதலாளி. மாவு மூட்டை அடுக்க இடம் போதவில்லையாம். வாக்காளர் பட்டியலில் நான் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் நடக்கும்.

விடை ஒரு துண்டுத்தாளில் வந்தது. ‘பிரிண்டருக்கு மை தீர்ந்துவிட்டது’ என்று எழுதி முத்திரை அண்ணன் என் மேசையில் வைத்திருந்தார். மூலையில் முத்திரையும் இருந்தது. திருப்பினேன். பின்பக்கம் உருண்டையான கையெழுத்தில் ஒன்பது பெயர்கள், பக்கத்தில் சின்னச் சின்னத் தொகைகள். ஒன்பதாவது பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது.

“இது எங்க கிடைச்சது அண்ணா?”

“அதா? ரொட்டிக்கடை கவர்ல செக்கோட ஒரு தாள் வரும். பேங்குக்குச் செக் மட்டும் போதும். தாள் நல்ல தாள், பின்னாடி வெறுமையா இருக்கு. நாலா வெட்டி வச்சுப்பேன். வீணாக்குவானேன்?”

“எத்தன நாளா வெட்டுறீங்க?”

“மூணு வருஷம் இருக்கும்.”

முன்மேசை அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அதுல இருக்குற பேரப் பாத்துத்தானே நான் மாசாமாசம் தனிநபர்னு திருத்துறேன்! எந்தப் படுபாவியோ திரும்பத் திரும்ப நிறுவனம்னு போட்டுட்டே இருக்கான்.”

“அந்தப் படுபாவி நான்தான்,” என்றார் முத்திரை அண்ணன். “செக்ல கடை பேரு போட்டிருக்கு. கடை என்ன கைகால் முளைச்ச மனுஷனா?”

இருவரும் பொய் சொல்லவில்லை. தப்பைத் திருத்துகிற யாரும் ‘தொட்டேன்’ என்று நினைப்பதில்லை. அக்கா ஒன்றாம் தேதி உறையைப் பிரிக்கிறார், பெயர்களைப் பார்க்கிறார். அண்ணன் பதினைந்தாம் தேதி வங்கிக்குப் போகும்முன் காசோலையைப் பார்க்கிறார். அவரவர் கண்ணுக்கு அவரவர் சரி. நாங்கள் செய்த பிழை இதுதான்: பணம் யாருடையது, யார் வழியாக வந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கட்டத்தில் பதில் எழுதச் சொல்லியிருந்தோம். மணியையும் தேதியையும் ஒரே முள்ளால் காட்டச் சொன்னால் கடிகாரம் என்ன செய்யும்?

அன்று மதியமே ரொட்டிக்கடையின் பின்வாசலுக்குப் போனேன். அந்தப் பட்டியலை எழுதுகிறவர் மாவு பிசையும் பகுதியில் இருந்தார். முழங்கை வரை மாவு. மாவம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

“எங்க சம்பளத்துல பிடிக்கிறதும்மா. மொத்தம் முப்பத்தெட்டு பேரு. மொதலாளி சேத்து ஒரே செக்கா எழுதிடுவாரு. அவரு காசு அதுல ஒரு சல்லி கிடையாது.”

“நாங்க அனுப்புற நன்றிக் கடுதாசி?”

“அவரு ரூம்ல மாட்டியிருக்கு, கண்ணாடி போட்டு. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையே!” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “எங்க வீட்டுக்காரரு நாற்காலி மாசம் ஒரு தடவை உங்க கொட்டகைக்கு வருது. வெளிய குடுத்து ரிப்பேர் பாக்க எங்களால முடியாது. அத மூடப் போறாங்களாமே? எங்களுக்கு ஓட்டு இருக்கா?”

“இருக்கணும்.”

“இருக்கணும்னா? இருக்கா, இல்லியா?”

“உங்க பணம்னு காட்ட ஏதாவது வேணும்மா,” என்றேன்.

மூன்றாம் நாள் காலை அவர் மாடியேறி வந்தார். பொட்டலத்தில் முப்பத்தெட்டு சம்பளச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பிடித்தம் என்ற தலைப்பின் கீழ் எங்கள் சங்கத்தின் பெயர். “எண்ணிக்கோ. ஒண்ணு குறைஞ்சாலும் அடுப்புப் பக்கத்து ஆளுங்க என்னை உள்ள தள்ளி வேக வச்சிடுவாங்க,” என்று சொல்லி, என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

முப்பத்தெட்டுப் பக்கங்களையும் புதிதாகத் திறந்தேன். மதியம் செயலாளர் என் மேசைக்கே வந்தார்.

“ரொட்டிக்கடைய நிறுவனம்னு போட்டு லிஸ்ட்ட முடிச்சிடு. கூட்டத்துக்கு முன்னாடி போய் முப்பத்தெட்டு பேர நுழைச்சா, ஓட்டுக்கு ஆள் சேத்த மாதிரி இருக்கும்.”

“நான் யாரையும் சேக்கல சார். மூணு வருஷமா இங்கதான் இருக்காங்க. நாமதான் நாலா வெட்டி வச்சிருந்தோம்.”

“மொதலாளி மனசு நோகும்.”

“நோகட்டும் சார். அவர் பாக்கெட்லேந்து எடுத்துக் குடுக்கட்டும், அவர் பேர்லயும் ஒரு பக்கம் திறக்குறேன்.”

“எல்லாருக்கும் இதே நியாயமா, இல்ல ரொட்டிக்கடைக்கு மட்டும் ஸ்பெஷலா?”

நல்ல கேள்வி. அதற்கு நான் தயாராக இருந்தேன். மூன்று நாளாகப் பட்டியல் முழுவதையும் ‘பணம் யாருடையது?’ என்ற ஒரே கேள்வியால் சோதித்திருந்தேன். மருத்துவர் ஒருவர் மருத்துவமனைக் காசோலையில் கொடுக்கிறார். கேட்டதில் அது மருத்துவமனையின் பணம். எனவே அது நிறுவனம். பந்தாட்டக் குழு ஒன்று உண்டியல் குலுக்கித் தருகிறது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எனவே அது குழு. இன்னொன்றும் இருந்தது.

“என் அண்ணன் வீட்டுல அஞ்சு பேர் பேர்ல அஞ்சு பக்கம் வச்சிருந்தோம். பணம் மொத்தமும் அண்ணனோட இரும்புக்கடையிலேந்து வருது. அஞ்சையும் ஒண்ணாக்கி நிறுவனம்னு போட்டுட்டேன். அவங்க எல்லாரும் கொட்டகை வேணும்னு ஓட்டுப் போடுறவங்க. நாலு ஓட்டு போச்சு. அண்ணி நேத்துலேந்து போன் எடுக்கல.”

செயலாளர் என் கணினித் திரையை எட்டிப் பார்த்தார். “ஒரு கட்டத்துக்கு இவ்ளோ வீம்பா?”

“ஒரு கட்டம்தானே சார். சரியாப் போட்டா என்ன?”

“நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆளப் போட்டுப்பேன்.”

“போடுங்க. வர்றவங்க முன்னாடியும் இந்த முப்பத்தெட்டு சீட்டையும் வைப்பேன். தப்பான லிஸ்ட்டுல என் கை படாது.”

“என் கையும் படாது,” என்றார் மாவம்மா, கேட்காமலே. “மாவு வேற ஒட்டியிருக்கு.”

முன்மேசை அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது பின்னால் டக், டக் என்று சத்தம். முத்திரை அண்ணன் சம்பளச் சீட்டுகளின் நகல்களை இழுத்துவைத்து, ஒவ்வொன்றிலும் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று குத்திக்கொண்டிருந்தார். “வெட்டினது நான் சார். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. ஆனா இது அவங்க பணம்,” என்றார், தலை நிமிராமல். முப்பத்தெட்டு முறை குத்தி முடிக்கும்வரை செயலாளர் நின்றார். அப்புறம் நான் முடித்துக் கையெழுத்திட்ட பட்டியலை வாங்கி, ஒரு பக்கமும் புரட்டாமல், என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

கூட்டத்தில் பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் கொட்டகை நிலைத்தது. முதலாளியும் வந்து தன் கடைக்கான ஒரு ஓட்டைக் கேட்டார். விதியைக் காட்டினேன். இந்த ஆண்டு அவர் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு கொடுத்தால் உண்டு என்றேன்.

இப்போது எங்கள் கணினியில் ‘வகை’ என்ற கட்டம் தனியாக இல்லை. அந்த இடத்தில் இரண்டு கட்டங்கள். முதலாவது, ‘பணம் யாருடையது?’ இரண்டாவது, ‘யார் வழியாக வந்தது?’ தனிநபரா, நிறுவனமா, குழுவா என்பதை முதல் கட்டம் மட்டுமே முடிவு செய்யும். ஓட்டும் நன்றிக் கடிதமும் அதைப் பார்த்துப் போகும். வங்கிக் கணக்கு இரண்டாவதைப் பார்க்கும். உறையில் பெயர்ப்பட்டியல் இருந்தால், காசோலை வங்கிக்குப் போகும்முன் பெயர்கள் கணினியில் ஏற வேண்டும். சந்தேகம் இருந்தால் உறையையும் காசோலையையும் பார்த்து ஊகிக்கக் கூடாது. பணம் கொடுத்தவரையே கேட்க வேண்டும்.