காப்புக் கட்டிய கை

வலக்கையை மேசைக்கு அடியில் தொடைமேல் ஒளித்துவைத்துக்கொண்டு, இடக்கையால் பீர்க் கிளாசைப் பிடித்திருந்தார், ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற ஆறுமுகம் மண்டோர். முழுக்கைச் சட்டையின் பித்தானை இறுக்கிப் போட்டிருந்தும் நம்பிக்கை வரவில்லை. உள்ளே மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்பு இருந்தது. போன வாரம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரி கட்டியது. காப்புக் கட்டியவன் கவிச்சி தொடக்கூடாது, கள் சாராயம் கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. நாளைச் சாயங்காலம் தீமிதி. கோயில் தலைவர் என்ற முறையில் அவர்தான் பூக்குழியில் முதல் ஆளாக இறங்க வேண்டும். இன்றோ அவர் எல்லை தாண்டி, ரெம்பா ஊரையும் தாண்டி, சிரம்பான் டவுனில் தெமியாங் பக்கத்து பீர்க்கடை ஒன்றில் உட்கார்ந்து, நுரை அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை ஹைனான் சீனருடையது. முன்கூடத்தில் அம்பெறியும் பலகை, பரண் போட்டு ஏற்றிவைத்த டெலிவிஷன், அதற்குக் கீழே அண்ணாந்து பார்க்கிற சனம். அன்று நெகிரி மாநில அணி பந்து விளையாடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் சமையல். வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பொரித்துப் போட்ட அதே கோழியை, அதே குழம்பை, இப்போது அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குப் பொரித்துப் போட்டார்கள். நாற்காலி மாறினாலும் வயிறு ஒன்றுதானே.

எதிரே இருந்தவர் சீவரத்தினம். தோட்டத்துக்குப் புதிதாக வந்த பெரிய துரை, யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். மண்டோர் ஒருவரைத் துரை தன் காரில் ஏற்றி, தன் மேசையில் உட்காரவைத்தது அந்தத் தோட்டத்து வரலாற்றில் இல்லை. கண்டக்டர் வேலை காலியாக இருந்தது. மண்டோருக்கு மேலே, துரைக்குக் கீழே, தனி வீடும் மோட்டார் சைக்கிளும் உள்ள இடம். அதற்குத்தான் இந்த விருந்து என்று மண்டோருக்குத் தெரியும். ஆரஞ்சுத் தண்ணீர் குடித்து ரொட்டி தின்றுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினார். சாமி காரியம் என்று சொல்லியிருக்கவும் செய்வார். ஆனால் காரில் ஏறியதுமே துரை ஆரம்பித்துவிட்டார்.

"உந்தக் கோயில் கோயில் எண்டு திரியிற ஆக்கள் எனக்குச் சரிவராது, மண்டோர். கண்டக்டர் எண்டால் தலை தெளிவா இருக்கோணும். நீர் எப்பிடி?"

"நமக்கு வேல முக்கியங்கய்யா" என்று சொல்லிவிட்டார் ஆறுமுகம். கோயில் தலைவர் பதவிக்கு மூன்று முறை போட்டியிட்டு, மூன்று முறையும் எதிராளியின் வேட்டியை உருவாத குறையாக வென்ற வாய் அது.

கடையில் துரையே பீரை ஊற்றினார். "குடியும். குடிக்காத ஆள் கூட்டத்தைக் கட்டி மேய்க்க ஏலாது." குடித்தார். தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் நின்று குடியின் கேட்டைப் பற்றி வெற்றிலை மாற்றி மாற்றிப் பேசுகிற அதே தொண்டையில் அது கசந்துகொண்டே இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் குளிர்ந்தது. உள்ளங்கால்தான் ஏனோ சுட்டது. மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிச் சிமென்ட் தரையில் காலை வைத்துப் பார்த்தார். தரையும் சுட்டது.

பயப்பட நியாயம் இருந்தது. போன வருஷத் தீமிதியில், ராமசாமி என்ற பால்மரம் வெட்டுகிற ஆள் பாதிக் குழியிலேயே தடுமாறினான். குழி முடிவில் கால் நனைக்கிற பால்குழிக்கு வருவதற்குள் இரண்டு காலும் வெந்து கொப்புளித்துவிட்டன. தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்போதே தலைவர் மைக்கைப் பிடித்தார். சுத்தமாக இருந்தவனை ஆத்தா சுடமாட்டாள், சுட்டாள் என்றால் அவன் என்னத்தையோ தின்றிருக்கிறான், குடித்திருக்கிறான் என்றார். காப்புக் கட்டிக்கொண்டு கடைசி நேரத்தில் காய்ச்சல், கால்வலி என்று ஒதுங்குகிறவனும் அதே ஜாதிதான் என்று ஒரு பொன்மொழியையும் சேர்த்துக்கொண்டார். ஒலிபெருக்கி நல்லது, பக்கத்துத் தோட்டங்களுக்கும் கேட்டது. அதற்கப்புறம் ராமசாமி வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அவன் பெண்டாட்டி மாரியம்மா குழாயடியில் நின்றால் மற்ற குடங்கள் விலகிக்கொண்டன. தீபாவளிக்கு முன்னால் அவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். எங்கே போனார்கள் என்று தலைவர் விசாரிக்கவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது. பின்கட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, இரும்புத் தட்டில் சீறுகிற, குழம்பூற்றிப் பொரித்த கோழிச் சாப்புடன், இடக்காலை இழுத்து இழுத்து ராமசாமி வந்துகொண்டிருந்தான்.

மண்டோருக்கு எழுந்து ஓடத் தோன்றியது. எதிரே துரை இருந்தார். பீர்க் கிளாசையாவது துரை பக்கம் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். துரையிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"சூடா இருக்கு மண்டோர். தட்டத் தொட்டுறாதிங்க" என்றான் ராமசாமி.

"தெரிஞ்ச ஆளோ?" என்றார் துரை, டெலிவிஷனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தோட்டத்து ஆளுதாங்க. மண்டோருதான் நம்மள டவுனுக்கு அனுப்பி வச்சாரு. நல்ல மனுஷன் லா."

"அப்பிடியோ? நல்லது, நல்லது. ஆக்களை முன்னேத்திறது ஒரு குணம்" என்ற துரை, பந்து கோலுக்குப் பக்கத்தில் போனதும் மற்றதை மறந்தார்.

கோழியை வெட்ட வலக்கை வேண்டும். மண்டோர் கையை மேலே கொண்டுவந்தார். கத்தியை அழுத்தியபோது பித்தான் தெறித்து, கைப்பட்டி விரிந்து, மஞ்சள் காப்பு மணிக்கட்டிலிருந்து சரிந்து தொங்கிக் குழம்பில் தோய்ந்தது. ராமசாமி சுற்றுமுற்றும் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, குனிந்து, மேசையைத் துடைக்கிற மாதிரி அந்தக் காப்பைப் பிடித்து ஒற்றினான். அவன் மூச்சு மண்டோரின் காதில் பட்டது.

"போன வருஷம் நான் ஒண்ணுமே தொடல மண்டோர். பச்சத்தண்ணியும் ரெண்டு வாழப்பழமும்தான்." துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டான். "நாளைக்கி எனக்கு லீவு. வரலாம்னு இருக்கேன்."

போய்விட்டான். மண்டோர் கோழியைத் தின்றார். தின்னாவிட்டால் துரை கேட்பார். பயத்தில் வாய் உலர்ந்திருந்தும், அவர் வாழ்நாளில் அவ்வளவு ருசியான கோழியைத் தின்றதில்லை என்பது வேறு அவரை நடுங்கவைத்தது. நெகிரி கோல் போட்டபோது கடையே எழுந்து கத்தியது. அவரும் எழுந்து கத்தினார். துரை அவர் முதுகில் தட்டி, வேலை அவருக்குத்தான் என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஏலக்காயை மென்றுகொண்டே யோசித்தார். காய்ச்சல் என்று படுத்துவிடலாமா? கால் பிசகிவிட்டது என்றால்? தப்பிக்கிற சந்து ஒவ்வொன்றையும் போன வருஷமே மைக்கில் அவரே அடைத்து வைத்திருந்தார். வாசலில் பெண்டாட்டி பஞ்சாலை, அவருக்காகத் தானும் ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்து வாடிய முகத்துடன் நின்றிருந்தாள்.

"எங்கங்க போனீங்க, எல்லய தாண்டி?"

"துரை கூப்புட்டாரு. கோயில் வெறகு விசயமா."

"காப்புல என்னா கறை?"

"சந்தனம்."

அவள் அவர் கையைப் பிடித்து, அந்தக் கோழிக் குழம்புக் கறையைப் பயபக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் பூக்குழியில் கட்டைகள் எரிந்து கங்கானபோது, பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் லாரியில் சனம் வந்து இறங்கியது. மஞ்சள் வேட்டியும் கையில் வேப்பிலையுமாகக் குழியின் தலைமாட்டில் நின்ற தலைவரின் கண் சாமி சிலையைத் தேடவில்லை. கூட்டத்தில் இழுத்து நடக்கிற ஒரு காலைத் தேடியது. கண்டுபிடித்தார். அந்தக் கடைசியில், பால்குழிக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு ராமசாமி நின்றான்.

தலைவர் ஆத்தாவிடம் பேரம் பேசிப்பார்த்தார். கண்டக்டர் வேலை வேண்டாம் என்றார். தலைவர் பதவியையும் வேண்டாம் என்றார். அதைச் சொல்லும்போது சற்று யோசித்தார். உடுக்கை உச்சத்துக்கு ஏறியது. பூசாரி முதுகில் கை வைத்தார். அது தள்ளினதா, ஆசீர்வாதமா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டார். கண்ணை மூடி ஓடினார். கோழி, பீர், பஞ்சாலையின் கண், எல்லாம் ஒன்றாகக் காதில் இரைந்தன. ஒவ்வொரு அடியிலும், இதோ இப்போது, இதோ இப்போது என்று உடம்பு எதிர்பார்த்தது. திடீரென்று கால் குளிர்ந்தது. பால்.

குனிந்து பார்த்தார். சாம்பல் ஒட்டியிருந்தது, பாலில் கரைந்தது. அடியில் தோல் தோலாகவே இருந்தது. ஒரு சிவப்புகூட இல்லை. மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் நேற்றையதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஆத்தா சுடவில்லை. அப்படியானால் போன வருஷம்?

"பாத்தீங்களா, இதான் சுத்தம்!" என்று செயலாளர் ஒலிபெருக்கியில் முழங்கினார். சனம் தலைவர் காலில் விழ வரிசை கட்டியது. விழுந்து எழுந்தவர்கள் பாலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். குழந்தைகளின் தலையைப் பிடித்து அவர் பாதத்தில் முட்டவைத்தார்கள். வரிசை நகர்ந்தது. ராமசாமியும் நகர்ந்து வந்தான்.

அவன் விழவில்லை. வெந்த காலை மெதுவாக மடக்கி, சேற்றிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலைவரின் வலக்காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டான். உள்ளங்காலைத் திருப்பி, குதிகாலிலிருந்து விரல்வரை கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தடவினான். எதையோ தொலைத்தவன் தேடுகிற மாதிரி, ஒவ்வொரு ரேகையாக.

"ராமசாமி, வுடுப்பா" என்றார் ஆறுமுகம்.

அவன் விடவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஒற்றைக்காலில் நின்ற தலைவருக்குத் தடுமாறியது. விழாமல் இருக்க அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். தலைவர் கை வைத்து ஆசீர்வதிப்பதைக் கண்ட பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்னால் வரிசை காத்திருந்தது. அவன் கட்டைவிரல் குதிகாலுக்குத் திரும்பி, முதலிலிருந்து தடவ ஆரம்பித்தது.