கரையடி முட்டைக்கோஸ்

கோடைக்கு முன் ஒருநாள், ஆறு கடலில் சேரும் அந்தக் குளிர்நாட்டு டெல்டாவின் விதைக்காரர்கள் கூடி, மேசைமேல் விரித்த வரைபடத்தில் ஊசி குத்துவார்கள். யார் எந்த வயலில் என்ன விதைப்பயிர் போடுகிறார் என்பதற்கு அந்த ஊசிதான் சாட்சி. ஒருவரின் கோஸுக்குப் பக்கத்தில் இன்னொருவர் வேறு ரகக் கோஸ் போட்டால் மகரந்தம் கலந்து இரண்டுமே கெட்டுவிடும். குத்திய ஊசியை மாற்றுகிறவனோடு அங்கே யாரும் முகங்கொடுத்துப் பேசமாட்டார்கள்.

ரக்னா ஸ்டோர்விக் தன் ஊசியைக் குத்திய இடத்தைப் பார்த்து அறையே சிரித்தது.

"அங்கயா? கடல் வாயிலயா?" என்றார் ஹார்ம். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலக்காரர், கடற்கரைகளைப் பராமரிக்கும் கரைச் சங்கத்தின் தலைவர், எழுபது வயதிலும் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. "ஏம்மா, கோஸ உப்புல ஊறுகா போடற வேலை மிச்சம்னு பாக்கறியா?"

"புதுக் கரை கட்டறேன். அதோட அடியிலயே கோஸ் நிக்கும். நீங்களே வந்து பாருங்க."

"பீட்ரூட் போடேன், உப்பத் தாங்கும்."

"அதனாலதான் போடல."

உப்பைத் தாங்காத பயிரை வைத்து அவள் பந்தயம் கட்டுகிறாள் என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது.

கடலைத் தடுக்க அவள் அப்பா கட்டிய பழைய கரை குளிர்காலம் தவறாமல் ஒழுகியது. எவ்வளவு மண் போட்டாலும் ஓட்டைப் பானையில் ஊற்றியதுதான். உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டப் பணம் சால்மன் மீன் மீட்புத் திட்டத்திடம் மட்டுமே இருந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பழைய கரையை உடைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள முப்பது ஏக்கரைக் கடலுக்கு விட்டுவிட வேண்டும். சால்மன் குஞ்சுகள் கடலுக்குள் போகுமுன் தின்று தேறுவதற்கு உவர்ச் சதுப்பு வேண்டும். அந்த இடம் இப்போது உருளைக்கிழங்கு வயலாக இருக்கிறது. ரக்னா கருணையால் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பதைக் கொடுத்தால் மீதிப் பண்ணை பிழைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் ஹார்ம் தலையசைக்காமல் பழைய கரையில் ஒரு மண்வெட்டி விழாது. கடல் கிட்டே வந்தால் உப்பு கரைக்கு அடியில் ஊர்ந்து தன் வயலுக்கும் வரும் என்பது அவர் பயம். அதற்குத்தான் இந்தப் பந்தயம். முதலில் புதுக் கரை. குளிர்காலத்தில் பழைய கரையின் மதகை மட்டும் திறந்து இரண்டு கரைக்கும் நடுவிலுள்ள வெளிவயலில் கடல்நீரை நிறுத்துவது. வசந்தத்தில் கோஸ் உயிரோடிருந்தால் ஹார்ம் சம்மதிப்பார்.

ஆர்லோவுக்கு இது பிடிக்கவில்லை. ஆற்றுமுகத்தில் தலைமுறை தலைமுறையாக வலைபோடும் பழங்குடியைச் சேர்ந்தவன், அவர்களுடைய மீன் துறையில் திட்டத்தை நடத்துபவன்.

"அவரு கடைசில முடியாதுன்னா? மீன் காசுல விவசாயிக்குக் கரை கட்டிக் குடுத்தேன்னு எங்காளுங்க என்னத் தோலுரிச்சிடுவாங்க, ரக்னா."

"தோத்தா பண்ணைய வித்து அந்தச் செலவ அடைக்கறேன்."

"உனக்குப் பைத்தியமா?"

"கரை ஒழுகினாலும் அது போகத்தான் போகுது. கையக் கட்டிட்டு உக்காந்து தோக்க என்னால முடியாது."

அவன் கைகொடுத்தான்.

கரை எழுந்தது. அதன் உள்பக்க அடியில் கோஸ் நாற்று பிடித்தது. மதகு திறந்து, கடல் பொங்கும் பெரிய ஓதங்களில் வெளிவயல் கடலாயிற்று. ரக்னா தினமும் கரையில் நடந்தாள். செடிகள் நின்றன. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்த வாரத்தில்தான் வடக்கிலிருந்து வலசை வரும் வெள்ளைப் பனிவாத்துகள் இறங்கின. வானமே வெள்ளையாகி வயலில் விழுந்தது. கத்தினாள், ஓடினாள், தகரத்தைத் தட்டினாள். அவை எழுந்து நாலு வரப்பு தள்ளி மறுபடி உட்கார்ந்து தின்றன. இலை, தண்டு, குருத்து எதையும் விடவில்லை.

மார்ச்சில் ஹார்ம் வந்தபோது வரிசை வரிசையாக மொட்டைக் கட்டைகள்தான் இருந்தன. ஆர்லோ முந்திக்கொண்டான். "வாத்து தின்னுடுச்சு, உப்பு இல்ல. எச்சத்தப் பாருங்க."

"இரு ஆர்லோ." ரக்னா ஹார்முக்கு நேராகத் திரும்பினாள். "கோஸ் உயிரோட இருந்தாத்தான்னு பேச்சு. இல்ல. நான் தோத்துட்டேன்."

ஹார்ம் மெல்ல மண்டியிட்டார். கத்தியால் கெல்லி, கரைக்கு ஆக அருகில் இருந்த கட்டையை வேரோடு பிடுங்கினார். உப்பேறிய மண்ணில் வேர் கருத்துக் குழைந்திருக்கும். இது வெள்ளையாக, நூல்நூலாக மண்ணைக் கவ்வியிருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுக் கடித்தார். மென்றார். எழுந்து இன்னும் நாலு இடத்தில் பிடுங்கிக் கடித்தார். தாடியெல்லாம் சேறு.

"உப்புக் கரிக்கல. வேர் உயிரோட இருக்கு," என்றார் கடைசியில். "நீ போட்ட பந்தயம் உப்போட. வாத்தோட இல்ல."

"ஹார்ம்..."

"பேசாத. தோத்தேன்னு உன் வாயாலயே சொல்லாம இருந்திருந்தா நான் குனிஞ்சிருக்கமாட்டேன். கரை உடைக்கற இயந்திரத்த எப்ப வேணா கொண்டுவரச் சொல்லு, தம்பி."

"எப்பன்னு சொல்லு, ரக்னா," என்றான் ஆர்லோ.

அவள் திரும்பி வெளிவயலைப் பார்த்தாள். அப்பாவோடு கல் பொறுக்கிய நிலம், மாவட்டத்திலேயே நல்ல கிழங்கு விளைந்த நிலம். இனி ஒருநாளும் அதில் ஏர் ஓட்ட முடியாது. ஜெயித்தவளுக்கு இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்கே," என்றாள். "முதல் வெட்டு நான் வெட்டறேன்."