போல்ட் போடாத இயந்திரக் கை

பொறியியலில் மெக்கானிக்கலா, ரோபோட்டிக்ஸா என்று அந்த வீட்டில் இரண்டு வாரமாக மல்லுக்கட்டு. லிப்ட் பழுதுபார்க்கும் அப்பா மெக்கானிக்கல் கட்சி.

"பொதுவாப் படிச்சு வை. அப்புறம் எந்தப் பக்கம் வேணாலும் திரும்பலாம்."

"எல்லாத்தையும் நுனிப்புல் மேயவா நாலு வருஷம்?" என்று மகள் சீறினாள். கல்லூரிக் கையேட்டின் அட்டையிலிருந்த மஞ்சள் இயந்திரக் கை அவள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது.

சேர்க்கைக்குக் கடைசி நாள். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரிவை மாற்ற முடியாது. எனவே ஆய்வகத்தை முதலில் பார்க்கவேண்டும் என்றாள். ரோபோட்டிக்ஸ் துறைத்தலைவர் அவளையும் அப்பாவையும் அழைத்துப்போனார். இரும்பைக் கடையும் லேத்துகளைத் தாண்டி, காலில் குத்தும் இரும்புச் சுருள்களைத் தாண்டி, மூலையில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே அதே மஞ்சள் கை.

ஆசையாகக் கிட்டே போய்க் குனிந்தாள். அடித்தட்டில் நான்கு போல்ட் துளைகள். நான்கும் காலி. ஒன்றில் மிட்டாய்த் தாள் திணித்திருந்தது.

"சார், இது வந்து எவ்வளவு நாளாச்சு?"

"மூணு வருஷம். நம்ம பெருமையே இதுதாம்மா."

"கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்களேன்."

"ஆபரேட்டர் இன்னிக்கு லீவு."

"மூணு வருஷமாவா லீவு? தரையோட போல்ட்டே போடலையே சார். கையை நீட்டினா குப்புற விழுமே!"

அவர் அப்பாவைப் பார்த்து அசடு வழிந்தார். "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி."

"வாய் இல்லீங்க, கண்ணுதான்," என்றார் அப்பா.

அவள் திரும்பி விடுவிடுவென்று வெளியே நடந்தாள். பெற்ற அப்பாவை எடுத்தெறிந்து பேசியது இந்தக் காட்சிப் பொம்மைக்காகவா? மூன்று வருடமாக எத்தனை பேர் இதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

சேர்க்கை அறையில் ரோபோட்டிக்ஸ் என்று நிரப்பியே வைத்திருந்த படிவத்தைத் தள்ளிவிட்டு வேறொன்று கேட்டு வாங்கினாள். துறைத்தலைவர் பின்னாலேயே வந்துவிட்டார்.

"மெக்கானிக்கலா? அவங்களுக்கும் இதே பட்டறைதாம்மா. பெரிசா என்ன வித்தியாசம்?"

பேனா காகிதத்தைக் கிழித்துவிடும்போல் அழுந்தியது. "இதை நீங்க கையேட்டுலயே அச்சடிச்சிருக்கணும் சார். லேத்துக்காவது போல்ட் போட்டிருக்கு. அதுல வேலை நடக்குது."

கையெழுத்திட்டு நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்து, "நீங்க ஒண்ணும் பேசக்கூடாது," என்றாள்.

"நான் எங்கேம்மா பேசினேன்?" என்று அவர் ஃபைலை எடுத்துக்கொண்டார்.