ஐயாவுக்கு நிதானம் வந்த கதை

குதிரைகளுக்கு லாடம் அடிப்பது என் தொழில். ஊருக்கு வெளியே உள்ள சவாரிப் பள்ளியில் முப்பது குதிரைகள் இருப்பதால், வாரத்தில் இரண்டு நாள் என் அரமும் சுத்தியலும் அங்கேதான். என் தங்கைக்கும் அங்கேதான் வேலை. லாயம் கூட்டுவது, தீனி வைப்பது, உடம்பு தேய்த்துவிடுவது, சவாரிக்காரர்கள் வருவதற்கு முன் குதிரைகளைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடேற்றி வைப்பது எல்லாம் ஒன்பது வருஷமாக அவள் பொறுப்பு. சூடேற்றுகிறேன் என்று முதுகில் ஏறியவள், யாரும் கவனிக்காத நேரத்தில் நல்ல சவாரிக்காரி ஆகிவிட்டாள். கவனித்தவன் நான் ஒருவன்தான். அண்ணன்காரன் சொன்னால் யார் நம்புவார்கள்? பாசத்தில் பேசுகிறான் என்பார்கள்.

பயிற்சி கொடுப்பவர் மாஸ்டர். போட்டிகளில் ஜெயித்தவர். வெடுக்கென்று பேசுவாரே தவிர, குதிரையின் மேல் கை வைக்கமாட்டார். அப்படிப்பட்டவரைத்தான் அந்தக் குதிரை கீழே போட்டது.

அது பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரை. ஏழு வயது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் கட்டைவிரல் அளவு வெள்ளை. காகிதத்தில் அதன் பெயர் மின்னல். வாங்கியவர் ஒரு பல் டாக்டர். ஐம்பத்தொரு வயதில், இனிமேலாவது எனக்குப் பிடித்ததைச் செய்கிறேன் என்று கிளம்பிய பெண்மணி. நடக்கச் சொன்னால் மின்னல் நடக்கும். துள்ளுநடை போகச் சொன்னால் டக் டக் என்று அழகாகப் போகும். அதற்கு அடுத்த வேகமான கேன்டரில்தான் வில்லங்கம். கேன்டர் என்பது தலைதெறிக்க ஓடுவதல்ல. காலடியில் மூன்று சத்தம் கேட்கும், பிறகு ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி, மறுபடி மூன்று சத்தம். நன்றாகப் போனால் மேலே இருப்பவருக்கு ஊஞ்சல் மாதிரி இருக்கும். இந்தக் குதிரைக்கோ, மூன்றாவது சத்தம் கேட்பதற்குள் பந்தயம் ஆரம்பித்துவிடும். தலை மேலே போகும், முதுகு பள்ளமாகும், பிறகு அது யார் பேச்சையும் கேட்காது.

மாஸ்டர் ஏறியபோது கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். அது இன்னும் வேகமாக ஓடியது. மூன்றாவது சுற்றில் வளைவில் அவர் வேலிப் பக்கம் போய் விழுந்தார். தோளில் காறை எலும்பு முறிந்தது.

மறுவாரம் கையைத் துணித் தொட்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தவர், டாக்டரிடம் நேராகவே சொன்னார். "இது சவாரிக்கு லாயக்கில்ல டாக்டர். வித்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க."

டாக்டர் குதிரையின் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அப்போது பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்ற என் தங்கை வாயைத் திறந்தாள்.

"எனக்கு மூணு மாசம் குடுங்க டாக்டர்."

நான் குனிந்து ஒரு குளம்பை மடியில் வைத்திருந்தேன். நிமிரவே இல்லை. மாஸ்டர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நான் விழுந்ததப் பாத்தியாம்மா?"

"பாத்தேன் மாஸ்டர். அதனாலதான் கேக்குறேன்."

அவர் முகம் மாறியது. ஆனால் தடுக்கவில்லை. "உன் எலும்பு, உன் இஷ்டம்," என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டரும் சரி என்று தலையாட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் பொரிந்து தள்ளினேன். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை, உன் புருஷனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவள் சாவகாசமாகச் சொன்னாள். "அண்ணா, பந்தயத்துல கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்தா, சாய்ஞ்சுக்கிட்டு ஓடுன்னு அர்த்தம். அவன் அதைத்தான் கத்துக்கிட்டு வந்திருக்கான். மாஸ்டர் நிறுத்துறதுக்கு இழுத்தாரு. அவன் ஓடச் சொல்றாங்கன்னு நெனச்சான். ரெண்டு பேரு மேலயும் தப்பில்ல. பாஷைதான் வேற."

மறுநாளே அவள் செய்த முதல் வேலை, குதிரைமேல் ஏறாமல் இருந்தது. பெயரை மாற்றினாள். மின்னல் மின்னல் என்று கூப்பிட்டால் அது எப்படி நிதானமாகப் போகும் என்று சொல்லி, ஐயா என்று வைத்தாள். "ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க", "ஐயாவுக்கு இன்னிக்குப் பசியில்லையோ" என்று அவள் பேசுவதைக் கேட்டு லாயமே சிரித்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டுக் கால்களைப் பார்க்கச் சொன்னாள். குளம்பில் குறையில்லை. ஆனால் முன்னங்காலைத் தூக்கக் குனியும்போது என் கை அதன் முதுகின் ஆரம்பத்தில் லேசாக உரச, அது சட்டென்று உடம்பைச் சுருக்கியது. அவள் உள்ளங்கையால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள். இரண்டு பக்கமும் முடி வெளுத்திருந்தது. சேணம் குறுகலாக இருந்து அங்கேயே கடித்துக்கொண்டிருந்திருக்கிறது. கேன்டரில் ஆள் முன்னால் சாயும்போதெல்லாம் அது வலி பொறுக்காமலும் ஓடியிருக்கிறது. அகலமான சேணம் வரும்வரை மூன்று வாரம் ஐயாவுக்கு ஓய்வு. மாஸ்டரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "நான் இதைப் பாக்காம விட்டுட்டேன்," என்றார். அதைச் சொல்லவும் ஒரு மனசு வேண்டும்.

ஓய்வு முடிந்ததும் நீளக் கயிறு. அவள் வட்டத்தின் நடுவில் நிற்பாள், ஐயா சுற்றி வருவார். நடை, துள்ளுநடை, மறுபடி நடை. அவ்வளவுதான். ஒரு காலையில் இதை நாற்பது தடவை செய்ததை நான் எண்ணியிருக்கிறேன். பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும். அவள் மூச்சை "ஹாஆஅ" என்று நீளமாக விட்டால் வேகம் குறைய வேண்டும் என்று ஐயா புரிந்துகொண்டதும், கேன்டர் கேட்டாள். நாலே எட்டு வைக்கவிட்டாள். ஐந்தாவது எட்டில் ரோஷம் வருவதற்குள் "ஹாஆஅ". நடை. கழுத்தில் ஒரு தட்டு. பிறகு ஐயா சும்மா நின்று வேடிக்கை பார்க்கலாம். கேன்டர் முடிந்தால் பந்தயம் இல்லை, வேடிக்கைதான் என்று அதன் மண்டையில் ஏற வேண்டும் என்றாள்.

சேணத்தில் ஏறியபோதும் அதே நாலு எட்டுதான். கடிவாள வார் தளர்வாக இருக்கும். முன்னால் சாயமாட்டாள், இழுக்கவும் மாட்டாள். விநோதமான விஷயம், ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் வேலி ஓரமாக நின்று காதைக் கொடுத்தேன். எங்கள் குடும்பக் கதையைக் குதிரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கண்ணன் பொண்ணு பாக்கப் போன வீட்டுல நாற்காலி உடஞ்சு விழுந்தாரு, ஐயா. அவங்க பாவம்னு பொண்ணு குடுத்தாங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் இறங்கியதும் சண்டைக்குப் போனேன்.

"பயந்தா மூச்சு நின்னுடும்ணா. நம்ம மூச்சு நின்னா அவனுக்குத் தெரிஞ்சுடும். பேசிக்கிட்டே இருந்தா மூச்சு விட்டுத்தான் ஆகணும்."

"அதுக்கு என் மானம்தான் கிடைச்சுதா?"

"உன் கதைதான் நீளமா இருக்கு."

நாலு எட்டு ஆறாயிற்று. ஆறு பத்தாயிற்று. ஒரு நாள் அரை வட்டம். எங்களுக்கெல்லாம் நம்பிக்கை வந்த சமயத்தில்தான் அது நடந்தது. பக்கத்து மைதானத்தில் மூன்று குதிரைகள் ஒன்றாகக் கேன்டரில் வந்தன. அந்தக் காலடிச் சத்தம் கேட்டதும் ஐயாவின் தலை மேலே போனது. அடுத்த நொடி மண் பறந்தது.

எந்தக் காரணத்துக்காகவும் கத்தக்கூடாது என்று அவள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். கத்தினால் குதிரை இன்னும் மிரளும். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். மாஸ்டர் விழுந்த அதே வளைவை ஒரு முறை தாண்டினாள், இரண்டு முறை தாண்டினாள். அவள் பின்னால் சாயவும் இல்லை, வாரைப் பிடித்துத் தொங்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். ஒரு பக்க வாரை மட்டும் எடுப்பதும் விடுவதுமாக, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினாள். வட்டம் சின்னதாக ஆக, ஓட முடியாமல் வேகம் குறைந்தது. நாலாவது சுற்றில் துள்ளுநடை. பிறகு நடை.

இறங்கியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மோதிர விரலில் தோல் உரிந்திருந்தது. 

"போதும்மா," என்றேன். "நீ முயற்சி பண்ணிட்ட. யாரும் குறை சொல்லமாட்டாங்க."

அவள் என் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை. கண் மின்ன என்னைப் பார்த்தாள். "அண்ணா, கவனிச்சியா? நாலாவது சுத்துல ஒரு காதை என் பக்கம் திருப்பினான். அவ்வளவு ஓட்டத்துலயும் நான் என்ன சொல்றேன்னு கேட்டான். முந்தியெல்லாம் கேக்கவே மாட்டான்."

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது ஓட்டத்தை. அவள் பார்த்தது காதை. முப்பது வருஷம் குதிரைகளோடு பழகிய எனக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பத்து நாளும் கேன்டர் இல்லை. மற்றக் குதிரைகள் ஓடும் மைதானத்தின் ஓரமாக ஐயாவை நடத்தினாள். முதல் நாள் ஐயா வியர்த்து ஒழுகினார். பத்தாம் நாள் அவை பக்கத்தில் ஓடிவரும்போது கொட்டாவி விட்டார். அதன்பிறகு மறுபடியும் முதலிலிருந்து, நாலு எட்டு.

இதற்கிடையில் டாக்டரையும் அவள் விடவில்லை. நான் ஓட்டினால் என்ன பயன், குதிரை உங்களுடையது என்று சொல்லி, வாரம் இரண்டு நாள் ஒரு சாதுவான கிழட்டுக் குதிரைமேல் அவரை ஏற்றிப் பழக்கினாள்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் ஐயாமேல் ஏறினார். கயிறு இல்லை. என் தங்கை வட்டத்தின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் எலும்பு கூடி, தொட்டிலை அவிழ்த்துவிட்டு வந்து வேலியில் சாய்ந்திருந்தார். நான் அன்றைக்கு லாடம் அடிக்க வேண்டிய குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டு வந்து நின்றேன்.

நடை நன்றாக இருந்தது. துள்ளுநடையும் நன்றாக இருந்தது. "இப்ப மூச்சு விட்டுட்டு கேன்டர் கேளுங்க டாக்டர்," என்றாள் தங்கை.

ஐயா கேன்டரில் எழுந்தார். டாக்டரின் தோள்கள் காதுவரை ஏறின. வாய் இறுக மூடிக்கொண்டது. எட்டு நீளமாவது எனக்கே தெரிந்தது. என் தங்கை இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"டாக்டர், நேத்து யாரு வந்தாங்க கிளினிக்குக்கு?"

"என்ன?"

"நேத்து வந்த பேஷன்ட் கதை ஒண்ணு சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"ஒரு... ஒரு போலீஸ்காரர் வந்தாரு," என்றார் டாக்டர், மூச்சு வாங்கிக்கொண்டே. "ஊசியைப் பாத்துட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடவே மாட்டேங்கறாரு."

"அப்புறம்?"

"அப்புறம், நர்ஸ் வந்து அவரோட இன்னொரு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க..."

தோள்கள் இறங்கின. மூன்று சத்தம், ஒரு மூச்சு. மூன்று சத்தம், ஒரு மூச்சு. போலீஸ்காரர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐயா இரண்டு வட்டம் வந்துவிட்டார். கழுத்து தாழ்ந்து, காதுகள் இரண்டு பக்கமும் தளர்ந்து, சாப்பாடு முடிந்து உலாவப் போகும் பெரிய மனிதர் மாதிரி வந்தார். "ஹாஆஅ" என்றார் டாக்டர். நடை. அப்படியே கழுத்தில் கவிழ்ந்து கட்டிக்கொண்டு சிரித்தார், அழுதார், இரண்டும் கலந்து ஏதோ செய்தார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"நான் ஒரு தடவ ஏறிப் பாக்கலாமா?"

அங்கே அவர் இப்படி அனுமதி கேட்டு யாரும் பார்த்ததில்லை. தங்கை ஒரு கணம் யோசித்தாள். "ஏறுங்க மாஸ்டர். ஆனா வாரைத் தளர்த்தி வெச்சுக்கணும். என்ன ஆனாலும் இழுக்கக்கூடாது."

"சரி. நான் தப்பு பண்ணா சொல்லுங்க."

ஒன்பது வருஷமாக நீ, வா, போ என்று கூப்பிட்டவர். அந்த 'சொல்லுங்க' அவர் வாயிலிருந்து இயல்பாக வந்தது. என் தங்கைக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை, அவள் கண் குதிரைமேல் இருந்தது. எனக்கு விழுந்தது. 

முதல் வட்டத்தில் பழைய பழக்கத்தில் அவர் கை இறுகியது. ஐயாவின் தலை ஓர் அங்குலம் மேலே போனது.

"மாஸ்டர், கை," என்றாள் அவள்.

கை தளர்ந்தது. தலை இறங்கியது. அவர் எலும்பை முறித்துக்கொண்ட வளைவில், தன்னைக் கீழே போட்ட அதே குதிரைமேல், அவள் சொன்னபடி, அவர் ஊஞ்சல் மாதிரி போனார். இறங்கியதும் ஐயாவின் மூக்கைத் தடவிக்கொடுத்துவிட்டு, "என்கிட்ட இன்னொரு குதிரை தடையைத் தாண்டமாட்டேன்னு அடம்புடிக்குது. திங்கக்கிழமை வந்து பாக்குறீங்களா?" என்று கேட்டார்.

"பாக்குறேன். முதல்ல அதோட முதுகைப் பாக்கணும்," என்றாள் என் தங்கை. சொல்லிவிட்டு ஐயாவின் சேணத்தை அவிழ்க்கப் போய்விட்டாள்.

எனக்கு அன்றைக்கு வேறு இடங்களில் இன்னும் நாலு குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் வேலை இருந்தது. போன இடத்தில் எல்லாம், யாரும் கேட்காமலேயே, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியாகப் போன வீட்டுக்காரர் பாதியிலேயே என்னை நிறுத்தி, "இதைக் காலைலயே போன்ல சொல்லிட்டீங்களே," என்றார். அதனால் என்ன என்று முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.