பூனைமுடி

அக்காவின் ரவிக்கையை முதுகுப் பக்கம் மடித்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தாள் கிருபாபாய். மடிக்க மடிக்கத் துணி மிஞ்சியது. அக்கா அற்புதமணி டீச்சருக்கு நாற்பத்தெட்டு வயது. சவப்பெட்டிக்குள் கிடந்தது பள்ளிக்கூடப் பிள்ளையின் உடம்பு. குச்சிக் கை முழுக்கப் பூனைமுடி. பட்டினியில் உடம்பு இளைக்க இளைக்க இது முளைக்கும் என்று டாக்டர் அல்போன்சா சொல்லியிருந்தார்.

"உபவாசத் தாயாரு போயிட்டாகளே!" என்று சபைப் பெண்கள் அழுதார்கள்.

கிருபாபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா புதன், வெள்ளி என்று ஆரம்பித்த பட்டினி வாரம் முழுக்க ஆனபோது தூத்துக்குடியே மெச்சியது. வெட்கக்கேடு, அவளும் சேர்ந்துதான் மெச்சினாள். இப்போது கிருபாபாயின் மகள் கிரேசி அதே வழியில். மூலையில் சுருண்டிருக்கும் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தட்டைக் கண்டாலே முகம் திரும்பிவிடும். பெரியம்மாவைப் பார்த்துப் படித்தது என்றார்கள் பாதிப் பேர். நீ ஏசி ஏசித்தான் என்றார்கள் மீதிப் பேர்.

அல்போன்சா மட்டும் வேறு கேட்டிருந்தார். "இது வம்சத்துல வருமான்னு இப்பத்தான் ஆராய்ச்சி பண்ணுதாங்க. உங்க மகள் டீச்சர் கூடவே வளர்ந்தவ, பார்த்துப் பழகிட்டான்னு சொல்லிரலாம். டீச்சரைப் பார்க்காமலே வளர்ந்த சொந்தக்காரங்க யாருக்காவது இருக்கா?"

"ஒருத்தருக்கும் இல்ல டாக்டர்" என்று அன்று அடித்துச் சொன்னாள்.

வாசலில் ஒரு பெண் மாலையோடு நின்றாள். அண்ணன் பொன்னுதுரையின் மகள் சந்தனமாரி. அவன் ஏரல் பக்கம் ஆறுமுகத்தாயைக் கட்டிக்கொண்டு சபையை விட்டு அம்மன் கோயிலுக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு இந்த வாசல் கிடையாது. பிள்ளை இன்றைக்குத்தான் படியேறுகிறாள்.

மாலையை வாங்கப் போன கிருபாபாயின் கை அப்படியே நின்றது. வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்த குச்சிக் கை. அதில் பூனைமுடி.

"ஏளா, நீ சோறு திங்கியா?"

பெட்டி கிடக்கிற துட்டி வீட்டில் கேட்கிற கேள்வியா அது! சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். "எறங்க மாட்டேங்கு அத்தை. பேய் புடிச்சிருக்குன்னு வேப்பிலை அடிச்சாச்சு."

"பெரியத்தையைப் பாத்திருக்கியா?"

"இன்னைக்குத்தான் பாக்கேன்."

அங்கே பேய், இங்கே உபவாசம். கிருபாபாய்க்கு அழுகையோடு சிரிப்பும் முட்டியது. அப்படியானால் காரணம் பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, பாழாய்ப்போன தன் வாயும் இல்லை. டாக்டருக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது. அவர் ஆராய்ந்து என்ன சொல்வாரோ, நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது.

சபைப் போதகர் ஐயர் வேதப் புத்தகத்தைத் திறந்தார். "பசியை ஜெயித்த நம் சகோதரி..."

"ஐயரய்யா, அப்படிச் சொல்லாதிய!" கிருபாபாய் எழுந்துவிட்டாள். "எங்க அக்கா பசியை ஜெயிக்கல. சீக்குதான் அவளை ஜெயிச்சிட்டு. எங்க ரத்தத்துல ஓடுத சீக்கு. எம் மகளுக்கும் இருக்கு, இந்தா நிக்காளே, அண்ணன் மக, இவளுக்கும் இருக்கு. இது ரெண்டையும் நான் விட்டுத்தர மாட்டேன்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "இந்த ரெண்டு பிள்ளைகளும் சுகமாக ஜெபிப்போம்" என்றார். மூலையில் கிரேசியின் தலை நிமிர்ந்தது.

அடக்கம் முடிந்து வந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து இட்லி வந்தது. கிருபாபாய் அதை ஒரே தட்டில் போட்டுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டு முற்றத்தில் காப்பித் தம்ளர் கழுவ உட்கார்ந்தாள், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. யாராவது பார்த்தால் கிரேசியின் கை நின்றுவிடும்.

"மதினி, உங்களுக்கும் தொண்டைய அடைக்குமா?" கிரேசிதான் கேட்டாள்.

"ஆமா. உனக்குமா?"

சந்தனமாரியின் வளையல் தட்டில் இடித்தது.

"ஒண்ணு எடுப்போம். ஆளுக்குப் பாதி."

திரும்பிப் பார்க்கத் துடித்த கழுத்தைக் கிருபாபாய் பிடித்துவைத்துக்கொண்டாள். கழுவின தம்ளரையே மறுபடி மறுபடி கழுவினாள்.

கடைசியில் கிரேசி தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதில் சட்னி மட்டும் ஒட்டியிருந்தது. கிருபாபாய் அதைக் கழுவாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.