நீலாம்பாள் பாட்டும் ஒரு 'ம்'மும்

"நான் வரல. தறியில பாவு பாதியில நிக்குது, முகூர்த்தப் புடவை..."

"புடவை நாளைக்கும் நிக்கும், ரிக்கார்டு கம்பெனி நிக்காது..."

"...ஊர்ல சிரிப்பான், பஞ்சாட்சரம் 'ம்' கொட்றதுக்குப் பட்டணம் போறான்னு..."

"சிரிக்கட்டுமே. நானும்தான் சிரிச்சுக்கினு இருக்கேன்."

நீலாம்பாள் நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் பட்டணத்து ஸ்டூடியோவில் ஒரு பாட்டுகூடத் தேறவில்லை. இன்றும் தேறாவிட்டால், பதினெட்டு வருஷம் கழித்து அவளைத் தேடிவந்த எல்.பி. இசைத்தட்டு வேறொரு பாடகிக்குப் போய்விடும். அழவேண்டிய சமயம்தான். காரணத்தை நினைத்தால் சிரிப்பல்லவா பொத்துக்கொண்டு வருகிறது.

ஒருகாலத்தில் நாடக மேடையில் பேர் வாங்கிய குரல் அது. கம்பெனி கலைந்தபிறகு அவள் பாடியதெல்லாம் புருஷனின் தறியில் மட்டும். புடவையின் உடலை அவர் நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் சுற்றிய நாடாவை இவள் தள்ளுவாள். ஓரடி பாடுவாள், அவர் "ம்" என்பார், நாடாவைத் தள்ளிவிட்டு அடுத்த அடியை எடுப்பாள். நேற்று மைக் முன்னால் முதலடியைப் பாடி நிறுத்தினாள். வயலின்காரர் காத்திருந்தார். தபலாக்காரர் காத்திருந்தார். அவள் 'ம்'முக்குக் காத்திருந்தாள். பதினோரு தடவை.

"அந்தத் தபலாக்காரரையே 'ம்' போடச் சொல்றதுதானே?"

"போட்டாரே. பல்வலிக்காரன் முனகறாப்பல இருந்துச்சு. கிளம்புங்க, பஸ்ஸு போய்டும்."

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி, "ம்... ம்ம்... ம்" என்று சன்னமாகப் பழகினார். முன்சீட்டு அம்மாள் திரும்பினாள்.

"இன்னாபா, வயிறு கியிறு வலிக்குதா?"

"கச்சேரிக்குப் போறாரும்மா," என்றாள் நீலாம்பாள்.

ஸ்டூடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் முதலடியைப் பாடினாள். பஞ்சாட்சரம், தாலி கட்டிய அன்று முழித்த முழியோடு, "ம்" என்றார். அவள் வெடித்துச் சிரித்துவிட்டாள். மறுபடி விளக்கு, மறுபடி சிரிப்பு. இந்தமுறை வயலின்காரரும் சேர்ந்துகொண்டார்.

"என் மூஞ்சை ஏன் பார்க்கறே? தறியில என்னிக்காவது பார்த்திருக்கியா?"

"அங்க நீங்க பாவைப் பார்த்துக்கினு இருப்பீங்க."

அவர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

மூன்றாம் தடவை விளக்கு எரிந்தது. ஓரடி. "ம்". அவள் வலக்கை தானாக எழுந்து காற்றில் நாடாவைத் தள்ளியது. புல்லாங்குழல்காரர் குழலை அவசரமாக இழுத்துக்கொண்டார். குரல் மேலே போனது. இறங்கியது. அவளுக்கே தெரியாத இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து நின்றது. "ம்". நாலு மணிக்குள் ஆறு பாட்டும் முடிந்துவிட்டன.

ஒலிப்பதிவாளர் குமாரவேல் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"தட்டு வருதும்மா. ஐயாவோட 'ம்'மை அப்புறம் எடுத்துடலாம்னுதான் இருந்தேன். ஒரு பாட்டுல வெட்டிப் பார்த்தேன், மொட்டையா நிக்குது. இருந்துட்டுப் போகட்டும்."

நீலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பஞ்சாட்சரம் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

குமாரவேல் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

"அப்போ அட்டையில ஐயா பேரையும் போடணும். அம்மா பேருக்கு மேலயா, கீழயா?"