தபீதாளின் வெறுங்கழுத்து

தாம்பரத்தில் காசநோய்க்கு வைத்தியம் பார்த்துத் திரும்பும் பெண்களை வீட்டு வேலைக்குக்கூட யாரும் சேர்ப்பதில்லை என்ற ஆத்திரத்தில்தான், இருபது வயதுத் தபீதாள் அவர்களுக்கு மணிமாலை கோக்கக் கற்றுக்கொடுத்தாள். அந்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அவளோடு கடை விரித்தது, குணமாகி வந்த அம்மணி.

ஒருத்தி நீல மாலையொன்றை ஆசையாய்க் கழுத்தில் வைத்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டாள். தபீதாள் மறைக்காமல் சொன்னாள். மாலை பட்டென்று விரிப்பில் விழுந்தது.

"நோய் மணியிலயா ஒட்டிட்டு வரும்? அறிவு வேணாம்?" என்று போகிறவளின் முதுகைப் பார்த்துக் கத்தினாள் தபீதாள்.

"அந்தம்மாவ ஏன்க்கா திட்ற?" என்றாள் அம்மணி, மாலையைத் துடைத்தபடி. "நீகூடத்தான் ஒரு தபாகூட போட்டுக்கினது இல்ல."

தபீதாளின் குடும்பம் போகும் கிறிஸ்தவ சபையில் பெண்கள் நகை அணிவதில்லை. அப்பாதான் அங்கே போதகர். அதைச் சொல்ல வாயெடுத்தவள், இத்தனை நாளும் அம்மணி தன் வெறுங்கழுத்தை என்னவென்று நினைத்துப் பார்த்திருப்பாள் என்று தோன்றியதும் அந்த நீல மாலையை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப்பின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சேலையூர் சபையில் பாட்டின் நடுவே அப்பாவின் குரல் மட்டும் நின்றுபோனது. அம்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் நீல மாலையோடு, தபீதாள் முன்வரிசைக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள்.